காற்றடக்கியார் கையில் ஒரு தம்ளர்

மூச்சுத் திணறலுக்கு வைத்தியம் பார்க்கும் மருத்துவமனையின் பின்பக்கத் தெருவில், டயர்க் கடைக்கு மேல்மாடியில், காற்றடக்கியார் வீற்றிருந்தார். காலையில் டயர்க் கடைக்காரர் ஷட்டரைத் தூக்குவதற்கு முன்பே படிக்கட்டு முழுக்கக் கூட்டம். இடுப்பில் ஒரு பிள்ளை, கையில் ஒரு பிள்ளை, முகத்தில் ஒரு கவலை என்று தாய்மார்கள் நிற்பார்கள். கீழே டயருக்குக் காற்று அடைப்பார்கள்; மேலே பிள்ளைகளிடமிருந்து காற்றை எடுப்பார்கள். இரண்டு இடத்திலும் நல்ல வியாபாரம். ஒரே வித்தியாசம், கீழே இருப்பவர் வேலை முடிந்ததும் டியூபைத் தண்ணீரில் முக்கிச் சரிபார்த்துவிட்டுத்தான் தருவார்.

என்ன காற்று என்று கேட்கிறீர்களா? காத்து கருப்பு என்பார்களே, அதில் முதல் பாதி. இரண்டாம் பாதிக்குக் காணிக்கை தனி.

இந்தத் தொழிலுக்கு வருவதற்கு முன் அவர் ஏசி மெக்கானிக். அவர் கைவைத்த மெஷின் எதுவும் மறுபடி ஓடியதாக வரலாறு இல்லை. மெஷினுக்கு வாய் கிடையாதுதான், ஆனால் மெஷினின் சொந்தக்காரருக்கு உண்டே. திட்டு வாங்கி வாங்கி மனம் வெறுத்த ஒரு நாளில் அவருக்கு ஞானோதயம் பிறந்தது. மனிதரைப் பழுது பார்ப்பதில் அந்தத் தொல்லை இல்லை. குணமானால் பெயர் பார்த்தவருக்கு. குணமாகாவிட்டால் பழி பெற்றவளுக்கு.

அவருடைய சோதனை மிகவும் எளிமையானது. பிள்ளையைத் தரையில் நிறுத்தி, விளிம்புவரை தண்ணீர் நிரப்பிய தம்ளரைக் கையில் கொடுத்து, கையை நேராக நீட்டச் சொல்வார். கீழே ஒரு தகரத் தட்டு. தண்ணீர் சிந்தினால் தட்டு சத்தம் போடும். சத்தம் கேட்டால் உள்ளே காற்று இருக்கிறது என்று பொருள். உடனே ஜன்னல்களைச் சாத்துவார்கள். காற்று தப்பிவிடக் கூடாதாம். பிறகு ஒரு சட்டியில் கரி பற்ற வைத்து, ஏதேதோ இலையும் வேரும் போட்டுப் புகை மூட்டுவார்கள். இழுப்பு நோய்க்காரப் பிள்ளைக்கு மூடிய அறையில் புகை. இதைவிட நல்ல வைத்தியம் வேண்டுமென்றால் பிள்ளையை டயர்க் கடைக்காரரிடமே விட்டுவிடலாம்.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அவரிடம் போன பிள்ளைகளுக்குக் கை நடுங்கியது உண்மை. அவர் சொன்னபடி ஒரு வாரத்தில் காற்று இறங்கியதும் உண்மை. அதனால்தான் படிக்கட்டு நிரம்பி வழிந்தது.

கூட்டம் சேர்ப்பதற்கு அவருக்கு ஒரு மச்சான் இருந்தார். மருத்துவமனை வாசலில் உள்ள டீக்கடை பெஞ்சில்தான் அவருக்கு உத்தியோகம். பிள்ளையோடு யாராவது வெளியே வந்தால் நகர்ந்து இடம் கொடுப்பார்.

"என்னம்மா, புள்ளைக்கு இழுப்பா? வெள்ளை மாத்திரை குடுத்தாங்களா? ராத்திரி தூங்குதா? சும்மா சும்மா அழுவுதா?"

"உங்களுக்கு எப்படிண்ணே தெரியும்?"

"எனக்கு என்னம்மா தெரியும். மேல இருக்கிறவருக்குத் தெரியும்" என்று மாடியைக் காட்டுவார். சிலர் வானத்தைக் காட்டுகிறார் என்று நினைத்துக் கும்பிட்டதும் உண்டு. அவர் திருத்தியதில்லை.

அந்த பெஞ்சில் ஒரு நாள் வந்து உட்கார்ந்தவள்தான் நம் தையல்காரி. பள்ளிச் சீருடை தைக்கும் கூடத்தில் காலர் வைப்பது அவள் வேலை. கணவன் தொலைதூர லாரி ஓட்டுகிறவன். வீட்டில் இருப்பதைவிட ஃபோனில் இருப்பதுதான் அதிகம். ஒரே பெண். வயது ஏழு. வீட்டில் அவளுக்குப் பெயர் ஊமைக்கோட்டான். நாலு கேள்வி கேட்டால் ஒரு தலையாட்டல்தான் பதிலாக வரும். பள்ளி ஆசிரியை, "உங்க பொண்ணு ரொம்ப அடக்கம்" என்று ஒவ்வொரு முறையும் சொல்வார். அம்மாவுக்குப் பெருமை தாங்காது.

அந்த அடக்கமான பெண்ணுக்கு இழுப்பு கடுமையாக வந்தது. மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள். டாக்டர் முகத்தில் மாஸ்க் வைத்து மூச்சு மருந்து கொடுத்தார். ஸ்டீராய்டு மாத்திரை சில நாளைக்கு எழுதினார். தினமும் இழுக்க ஒரு இன்ஹேலரும் தந்தார். "சாப்பாட்டுக்கு அப்புறம் குடுங்க, அடுத்தது யாரு" என்றார். இந்த இரண்டுக்கும் நடுவில் அவர் இன்னும் ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் இந்தக் கதைக்கே வேலை இருந்திருக்காது. ஆனால் வெளியே அறுபது பேர் காத்திருந்தார்கள்.

மூச்சு சீராகிவிட்டது. கூடவே ஊமைக்கோட்டான் வாய் திறந்தது. திறந்த வாய் மூடவில்லை. விடியும்வரை தூங்காமல் வீட்டிலிருக்கும் செருப்பையெல்லாம் ஜோடி ஜோடியாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் கதை சொன்னது. ரொட்டி டப்பாவைக் காலி செய்துவிட்டு, ரொட்டி தீர்ந்துபோய்விட்டதே என்று ஒரு மணி நேரம் அழுதது. வாடகை கேட்க வந்த வீட்டுக்காரரை உட்கார வைத்து, "அங்கிள், அம்மா உங்களைக் கஞ்சப்பிசினாரின்னு சொல்லுவாங்க, அப்படின்னா என்ன?" என்று கேட்டது. பென்சில் முனை உடைந்ததற்காகப் புத்தகப் பையைத் தூக்கி எறிந்தது. எறிந்துவிட்டு, அம்மாவைக் கட்டிக்கொண்டு தேம்பியது.

"அம்மா, எனக்கு உள்ள யாரோ ஓடற மாதிரியே இருக்கும்மா. நிக்கச் சொன்னா நிக்க மாட்டேங்கறாங்க."

அதைக் கேட்ட இரவு முழுக்கத் தையல்காரி விளக்கை அணைக்காமல் பிள்ளை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். பெற்றவளுக்குத்தான் தெரியும் அந்தப் பயம். அதைக் கேலி செய்ய எனக்கும் மனம் வரவில்லை. அந்தப் பயத்தை வைத்துக் கடை போட்டவனைத்தான் கேலி செய்ய வேண்டும்.

மறுபடி டாக்டரைப் பார்க்கப் போனவளுக்கு டீக்கடை பெஞ்சில் மச்சான் வழிகாட்ட, மாடிக்குப் போனாள். காற்றடக்கியார் சிறுமியைப் பார்த்தார். மூச்சு மருந்து இழுத்த பிள்ளையின் கை. தம்ளரை நீட்டிய மாத்திரத்தில் தகரத் தட்டில் டக் டக் டக் என்று சத்தம்.

"பார்த்தியாம்மா? கை அதோடது இல்ல. வந்திருக்கறதோட கை."

"ஐயா, புள்ள எனக்குத் திரும்பக் கிடைக்குமா?"

"ஒரு வாரம். ஒரு வாரத்துல இறக்கிக் காட்டறேன். தினமும் புகைக்குக் கூட்டிட்டு வா. அந்த மாத்திரை இருக்குல்ல, அதைப் பாதியில நிறுத்தாதே, காத்துக்குக் கோவம் வந்துடும். முடியட்டும். ஆனா அந்த இன்ஹேலர் இருக்கு பாரு, அதுதான் வாசல். அது வழியாத்தான் காத்து உள்ள வருது. அதைத் தூக்கிப் போட்டுடு."

மாத்திரையை ஏன் நிறுத்தச் சொல்லவில்லை என்று யோசியுங்கள். தொடக்க காலத்தில் நிறுத்தச் சொல்லிப் பார்த்திருக்கிறார். பிள்ளைகள் மூச்சு முட்டி மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தார்கள், பெயர் கெட்டது. மாத்திரை முடியும்வரை காத்திருந்தால் பிள்ளைகள் தாமாகவே அமைதியானார்கள், பெயர் வளர்ந்தது. அது ஏன் என்று அவர் ஆராயவில்லை. ஆராய்ச்சி தொழிலுக்கு ஆகாது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்றால், விவரமானவன் பனம்பழத்தைப் பற்றிக் கவலைப்பட மாட்டான். காக்கைக்கு டிக்கெட் போட்டு விற்பான்.

மாத்திரை முடிந்தது. ஊமைக்கோட்டான் தூங்கினாள். பழையபடி தலையாட்டினாள். தையல்காரி ஆனந்தக் கண்ணீர் விட்டாள். தையல் கூடத்தில் இருந்த அத்தனை பெண்களுக்கும் மாடியின் மகிமையைச் சொன்னாள். இன்ஹேலர் குப்பைக்குப் போனது.

இதில் முகம் சுளித்தது ஒரே ஓர் ஆள்தான். தையல்காரியின் தங்கை, அதாவது சிறுமியின் சித்தி. டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொடுப்பவள். பகல் முழுக்க யாரோ ஒருவர் வண்டியை எங்கேயோ கொண்டுபோய் முட்டப் பார்ப்பார். இவள் பக்கத்து இருக்கையில் தன் காலடியில் இருக்கும் இன்னொரு பிரேக்கை மிதித்து நிறுத்துவாள். அந்தப் பழக்கத்தில் எதையும் நம்பிவிட மாட்டாள். மிதித்துப் பார்ப்பாள்.

"அக்கா, காத்து எப்ப இறங்குச்சு?"

"போன வாரம். பெரியவரு சொன்ன மாதிரியே."

"மாத்திரை எப்ப முடிஞ்சுது?"

"அதுவும் போன வாரந்தான். அதுக்கென்ன?"

"ஒண்ணுமில்ல. சும்மா கேட்டேன்."

"நீ எதைத்தான் நம்பின? மாப்பிள்ளை பார்க்க வந்தவர்கிட்டயே லைசென்ஸைக் காட்டுங்கன்னு கேட்டவதானே நீ."

"காட்டினாரா?"

காட்டவில்லை என்பது ஊருக்கே தெரியும்.

இன்ஹேலர் இல்லாமல் நாட்கள் ஓடின. ஒரு மாலை, பள்ளியிலிருந்து வந்த சிறுமி படியேறவே தவித்தாள். நெஞ்சுக்கூடு உள்ளே உள்ளே இழுத்தது. தையல்காரி மாடிக்குப் போகலாம் என்றாள். சித்தி பேச்சே கொடுக்காமல் அக்காவையும் பெண்ணையும் தூக்கி டிரைவிங் ஸ்கூல் காரில் போட்டுக்கொண்டு பறந்தாள். கூரைமேல் 'கற்றுக்கொள்பவர், விலகிச் செல்லவும்' என்று பலகை. அதைப் பார்த்து எல்லா வண்டியும் பயந்து ஒதுங்கியதில் ஆம்புலன்ஸைவிடச் சீக்கிரமாகப் போய்ச் சேர்ந்தார்கள்.

டாக்டர் மருந்து கொடுத்து மூச்சைத் திருப்பிக் கொண்டுவந்தார். முதல் மாத்திரையை அவரே விழுங்க வைத்தார். மீதியைத் தையல்காரியிடம் நீட்டினார். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"இது வேணாங்கய்யா. இதைக் குடுத்தப்பத்தான் புள்ளைக்குக் காத்து புடிச்சுது."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். சித்தி நடந்ததையெல்லாம் சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்தவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"தப்பு என்னோடதும்மா. போன தடவையே சொல்லியிருக்கணும். இந்த மாத்திரை மூச்சுக்குழாய் வீக்கத்தைக் குறைக்கும். ஆனா சில பிள்ளைங்களுக்கு மூளையிலயும் கொஞ்சம் வேலை காட்டும். தூக்கம் வராது, பசி எடுக்கும், கோவம் வரும், அழுகை வரும், ஓயாம பேசும். எல்லாருக்கும் வராது. வந்தாலும் மாத்திரை முடிஞ்சா பெரும்பாலும் தானா போயிடும். கை நடுக்கம் வேற, அது மூச்சு மருந்தால. காலையில குடுங்க, தூக்கம் ரொம்பக் கெடாது. ரொம்ப மாறிப் போனா, இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியுதுன்னு சொன்னா, உடனே கூப்பிடுங்க. நீங்களா மட்டும் நிறுத்திடாதீங்க. மூச்சு நின்னா அப்புறம் ஒண்ணும் பண்ண முடியாது."

நல்ல விளக்கம். கொஞ்சம் தாமதமான விளக்கம். தையல்காரி மாத்திரையை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, தங்கையின் காதில் கிசுகிசுத்தாள்.

"மருந்து எழுதறவரு மருந்தை விட்டுக்குடுப்பாரா? நாளைக்குப் பெரியவரோட பெரிய கூட்டம் இருக்கு. அவரைக் கேட்டுட்டுத்தான் அடுத்த மாத்திரை."

"அவரு வேணாம்னா?"

"வேணாம்னா வேணாந்தான்."

அக்காவிடம் வாதாடிப் பயனில்லை என்பது சித்திக்குத் தெரியும். மாத்திரை அக்கா கையில், அக்கா மாடிக்காரர் கையில். நாளைக் காலை மாத்திரை உள்ளே போகாவிட்டால் பெண்ணின் மூச்சு என்ன ஆகும் என்பதும் இப்போது தெரியும். தண்ணீர் பிடித்து வரலாம் என்று மாஸ்க் மருந்து கொடுக்கும் அறைப் பக்கமாகப் போனாள்.

அங்கே மூலை நாற்காலியில் ஒருவர் தலையில் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு, முகத்தில் மாஸ்க்குடன் உட்கார்ந்திருந்தார். மாஸ்க்கிலிருந்து வெள்ளையாக மருந்துப் புகை வந்துகொண்டிருந்தது. நர்ஸ் மாஸ்க்கைச் சற்றே விலக்கிக் கேட்டாள்.

"இப்ப எப்படி இருக்கு? மாத்திரை ஒழுங்கா போடறீங்களா?"

"போடறேம்மா. ஆனா தூக்கமே இல்ல. பசியோ பசி. நேத்து மச்சான் ஒரு வார்த்தை சொன்னான்னு அழுதுட்டேன். டம்ளரைத் தூக்கினா கை இப்படி ஆடுது."

"மருந்து அப்படித்தான் பண்ணும். பயப்படாதீங்க. ஆமா, எங்க வேலை பார்க்கறீங்க? புகைக்குள்ளயே இருந்திருக்கீங்கன்னு டாக்டர் சொல்றாரே."

"கொஞ்சம் புகை உள்ள தொழில்" என்றார் காற்றடக்கியார்.

ஆம், அவரேதான். தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள். சுடவில்லை, புகைய வைத்தது. ஜன்னலைச் சாத்திய அறையில் பிள்ளைகள் அரைமணி நேரம் இருந்துவிட்டுப் போனார்கள். அவர் அல்லவா நாள் முழுக்க இருந்தார்? காற்றுக்குத் தெரியுமா இவர் முதலாளி என்று?

சித்தி அக்காவிடம் போய்ச் சொன்னாள். "பெரியவரைப் பத்தி அபாண்டமா பேசாதடி, நாக்கு அழுகிடும். அவரு மாதிரி வேற யாரோ" என்று அக்கா வாயை அடைத்துவிட்டாள். திரும்பிப் போய்ப் பார்த்தபோது மூலை நாற்காலி காலி.

மறுநாள் காலை, டயர்க் கடைக்கு எதிரே இருந்த காலி மனையில் பந்தல் போட்டிருந்தார்கள். மைக், நாற்காலி, பேனர், மேடையில் தண்ணீர்க் குடம், தம்ளர், தகரத் தட்டு. பேனரில் காற்றடக்கியார் இரண்டு கைகளாலும் ஒரு புயலைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஊரே கூடியிருந்தது. அலுவலகத்துக்கு விடுமுறை போட்டுவிட்டு வந்தவர்களும் இருந்தார்கள். காய்ச்சலுக்கு விடுமுறை கேட்டால் தராத மேலாளர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

அன்று காற்றடக்கியாருக்குப் பேச்சு அருவியாகக் கொட்டியது. வழக்கமாக நாலு வார்த்தை பேசுவார். அன்று பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். "எனக்குத் தூக்கமே கிடையாது. உங்களுக்காகத்தான் முழிச்சிருக்கேன்" என்றார், கைதட்டல். நடுவில் ஒரு சீப்பு வாழைப்பழம் கேட்டு வாங்கி, பேசியபடியே தின்று முடித்தார். மைக் கொஞ்சம் கீச்சிட்டதற்கு மைக்காரனை நாராசமாகத் திட்டினார். திட்டிவிட்டு அவன் ஏழை என்பது நினைவுக்கு வந்து விம்மினார். "என்ன கருணை பாரு" என்று கூட்டமும் கூடவே விம்மியது.

சித்தி எழுந்து மேடைக்குப் போனாள்.

"ஐயா, ஒரு சந்தேகம்."

"கேளும்மா, கேளு. சந்தேகம் கேக்கறவங்களை எனக்கு ரொம்பப் புடிக்கும்." அந்த நிமிடத்தில் அவருக்கு எல்லோரையும் பிடித்திருந்தது.

"காத்து இல்லாதவங்க கை நடுங்காது. அப்படித்தானே?"

"ஒரு சொட்டு சிந்தாது."

"ஏழை பணக்காரன், பெரியவங்க சின்னவங்க, எல்லாருக்கும் அதே சட்டந்தானா?"

"எல்லாருக்கும் ஒரே சட்டம்."

"அப்ப முதல்ல நான் புடிக்கறேன்." தம்ளரை எடுத்து விளிம்புவரை நிரப்பி, கையை நீட்டினாள். தட்டு வாய் திறக்கவில்லை. "இப்ப நீங்க ஒரு தடவை புடிச்சுக் காட்டுங்க. டிரைவிங் ஸ்கூல்ல நாங்க அப்படித்தான். ஓட்டிக் காட்டிட்டுத்தான் கத்துக்குடுப்போம்."

காற்றடக்கியார் முகம் சுருங்கியது. "குருவைச் சோதிக்கக் கூடாதும்மா."

அதற்குமேல் சித்தி எதுவுமே பேச வேண்டியிருக்கவில்லை. மீதியைப் பக்தர்களே பார்த்துக்கொண்டார்கள். "புடிங்கய்யா, அவ வாயை அடைங்க" என்றார் மேலாளர். "ஒரே ஒரு தடவை காட்டுங்கய்யா" என்றது பந்தல் முழுவதும். அன்புத் தொல்லைக்கு அணை ஏது? யாரோ தம்ளரை அவர் கையில் திணித்தே விட்டார்கள்.

டக். டக் டக். பிறகு எண்ண முடியவில்லை. தகரத் தட்டில் நல்ல மழை.

ஒரு கணம், ஒரே ஒரு கணம், மக்கள் யோசிக்கப் போகிறார்கள் என்று நானும் ஏமாந்தேன்.

"ஐயோ, பெரியவரையே காத்து புடிச்சிருச்சே" என்று ஓர் அம்மாள் அலறினாள்.

"புடிக்காதா பின்ன? எத்தனை புள்ளைங்க காத்தை எடுத்திருப்பாரு. அத்தனையும் அவருக்குள்ள போயிருச்சு."

"தூக்கம் இல்லைன்னாரே. அழுதாரே. ஒரு சீப்புப் பழத்தைத் தனியாளா தின்னாரே. எல்லாம் அதே குறிதான்."

"பார்த்துக்கிட்டு நிக்கறீங்களே, புகையைப் போடுங்க."

மச்சான் கடமை தவறாதவர். சட்டியைக் கொண்டுவந்து, வழக்கத்தைவிட இரண்டு பிடி கூடுதலாகவே அள்ளிப் போட்டார். குருவல்லவா? நாலு பேர் அவரை நாற்காலியில் அழுத்திப் பிடித்துக்கொண்டார்கள். இன்னொருவர் போர்வையால் மூடினார். அத்தனையும் பாசம்.

"எடுங்கடா... புகையை எடுங்கடா... எனக்கு இழுப்பு" என்று போர்வைக்குள்ளிருந்து இருமலோடு குரல் வந்தது.

"கேட்டீங்களா, காத்து பேசுது" என்றார் மேலாளர்.

சித்திதான் சட்டியைப் பிடுங்கித் தெருவில் கொட்டினாள். போர்வையை இழுத்து எறிந்தாள். ஏமாற்றுக்காரன் என்றாலும் மூச்சு எல்லோருக்கும் ஒன்றுதானே. காற்றடக்கியார் கண்ணில் தண்ணீர் வழிய, நெஞ்சு கிழிய இழுத்தபடி, சட்டைப் பைக்குள் துழாவி ஒரு இன்ஹேலரை எடுத்து வாயில் வைத்து அழுத்தினார். மூச்சை இழுத்துப் பிடித்து வெளியே விட்டார். மறுபடி அழுத்தினார்.

முதல் முறையாகத் தையல்காரி எழுந்து நின்றாள். பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு மேடை அருகே வந்தாள்.

"ஐயா, அது என்னதுங்கய்யா?"

"மருந்தும்மா. மூச்சு மருந்து."

"காத்து உள்ள வர்ற வாசல்னு சொன்னீங்களே. நான் குப்பையில போட்டேனே."

அவர் பதில் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் அன்று அவருக்கு வாய் நிற்காத நாள். எதிரே நாலு பேர் மறுபடியும் போர்வையோடு நின்றார்கள். நுணலும் தன் வாயால் கெடும் என்பதை அவர் மைக்கிலேயே மெய்ப்பித்தார்.

"காத்துமில்ல, ஒண்ணுமில்லம்மா. என்னை விட்டுடச் சொல்லு. டாக்டரே சொன்னாரு. இந்த மூச்சு மருந்துக்குக் கை நடுங்கும். அந்த வெள்ளை மாத்திரைக்குத் தூக்கம் வராது, பசிக்கும், கோவம் வரும், அழுகை வரும். மாத்திரை முடிஞ்சா தானா சரியாயிடும். எல்லாம் மருந்து பண்றது."

தெருக்கோடிவரை கேட்டது. டயர்க் கடைக்காரர் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார்.

"உங்களுக்கு வந்தா மருந்து. என் பொண்ணுக்கு வந்தா மட்டும் காத்தா?" என்றாள் தையல்காரி. குரல் உயரவில்லை. ஆனால் பந்தலில் இருந்த ஒவ்வொரு தாயும் தன் பிள்ளையைத் திரும்பிப் பார்த்தாள். புகையில் உட்கார வைத்தது, இன்ஹேலரைத் தூக்கிப் போட்டது, இருமினால் காற்று இறங்குகிறது என்று மகிழ்ந்தது எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன.

தையல்காரி முந்தானை முடிச்சை அவிழ்த்து மாத்திரையை எடுத்தாள். மேடையிலிருந்த குடத்திலிருந்து தண்ணீர் மொண்டாள். அத்தனை பேர் பார்க்க, பெண்ணின் வாயில் மாத்திரையைப் போட்டாள். "முழுங்குடி கண்ணு." சித்தி அப்போதுதான் நன்றாக மூச்சு விட்டாள்.

அதற்குப் பிறகு நடந்த தள்ளுமுள்ளைப் பற்றி எழுத இடமில்லை. காற்றடக்கியாரும் மச்சானும் ஓடியது மட்டும் தெரியும். இழுப்பு நோயாளி அவ்வளவு வேகமாக ஓடியதற்கு டாக்டரின் மருந்துதான் காரணம். அதற்காகவாவது அவர் நன்றி சொல்ல வேண்டும். டாக்டரும் இப்போது மாறிவிட்டார். "இந்த மாத்திரை குடுத்தா பிள்ளை கொஞ்ச நாள் ஒரு மாதிரி இருக்கும், பயப்படாதீங்க, அதிகமானா கூப்பிடுங்க" என்று சொன்ன பிறகுதான் "அடுத்தது யாரு" என்கிறார். அதற்கு ஒரு நிமிடம்கூட ஆவதில்லை.

சிறுமி அந்த வாரமும் வாய் ஓயாமல் பேசினாள். இந்த முறை தையல்காரி ரொட்டியைக் கூடுதலாக வாங்கி வைத்தாள். வீட்டுக்காரரை அடுத்த வாரம் வரச் சொல்லித் தகவல் அனுப்பினாள். "அம்மா, உள்ள மறுபடியும் யாரோ ஓடறாங்கம்மா" என்றபோது மடியில் போட்டுக்கொண்டு, "மருந்துதாண்டி ஓடுது. வேலை முடிஞ்சதும் போயிடும்" என்றாள். பேச்சு குறைந்தபோது அவளுக்குக் கொஞ்சம் ஏக்கமாகக்கூட இருந்தது. "அந்தப் பேச்சு மட்டும் கொஞ்சம் தங்காதாங்கய்யா?" என்று டாக்டரிடமே கேட்டாள். "அதுக்கு மாத்திரை வேணாம்மா. நீங்க பேச்சுக் குடுங்க" என்றார் அவர்.

எல்லாம் சுபம் என்று நான் பேனாவை மூடப் போன நேரத்தில், பந்தல் இருந்த காலி மனைப் பக்கம் அந்த மேலாளரைச் சந்தித்தேன். மனிதர் மிகவும் நொந்துபோயிருந்தார்.

"ஏமாந்துட்டோம் சார். முழுப் போலி சார் இவன்" என்றார். பிறகு என் காதருகே குனிந்து, "உங்களுக்கு நாலு இடம் தெரிஞ்சிருக்கும். நிஜமாவே காத்து எடுக்கறவரு யாராவது இருக்காரா?" என்று கேட்டார்.

போலியை விரட்டுவது பெரிய வேலையே இல்லை, ஐயா. இரண்டு கேள்வி போதும். அவன் உட்கார்ந்திருந்த நாற்காலிதான் தொல்லை. காலியாக விட்டால் அடுத்தவன் வந்து உட்கார்ந்துவிடுவான். அது டயர்க் கடை மாடியில் இல்லை, உங்கள் தலைக்குள் இருக்கிறது. அதில் உங்கள் மூளையை உட்கார வையுங்கள். பாவம், உட்கார இடமில்லாமல் வெகு காலமாக அது நின்றுகொண்டே இருக்கிறது.